தடங்கலுக்கு வருந்தியவர்

பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் முகம் வாடிப்போகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெருக்காரர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் வண்டி ஏறி இறங்கிய எந்தப் பழைய ஆளிடமும் கேட்டுப் பாருங்கள், "ஓ, நம்ம நிலையமா?" என்று சிரிப்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஆதார் அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்து யாரும் உபயோகித்ததில்லை.

நிலையம் மாமாவுக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிற வேலை. எந்த வண்டி வருகிறது, எந்த வண்டி போகிறது என்று சொன்னால் போதும். சர்க்கார் அவரிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். மாமா அந்தக் கம்பி வலை போட்ட அறையை ஒரு டெலிவிஷன் நிலையமாக நடத்தினார்.

"வணக்கம் நேயர்களே. அடுத்து நீங்கள் காண இருப்பது வெள்ளறடை வழி அம்பூரி. இது ஒரு மறு ஒளிபரப்பு."

அந்த வண்டி விடியற்காலையில் புறப்பட்டு, குன்னத்துகால் தாண்டுமுன் மூச்சு முட்டித் திரும்பி வந்த வண்டி. அதைத்தான் அப்படிச் சொல்வார். பூவாறு வண்டி ரத்தானால், "தவிர்க்க முடியாத காரணங்களால் பூவாறு இன்று இடம்பெறாது. அதற்குப் பதிலாக, காரோடு வழி பொழியூர் இடம்பெறும்" என்பார். தமிழில் ஒரு முறை, அதே கம்பீரத்தோடு மலையாளத்தில் ஒரு முறை. வீட்டில் எங்களைப் போல "வாறேன், போறேன்" என்று பேசுகிற மனிதர்தான். மைக்கைத் தொட்டதும் அவர் தமிழ், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விட அவருக்கு உயிரான வாசகம் ஒன்று உண்டு. "தடங்கலுக்கு வருந்துகிறோம்." வண்டி தாமதமானால்தானே அதைச் சொல்ல முடியும்? சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நின்றால், வாயில் போட்ட மிட்டாயை யாரோ பிடுங்கியதுபோல உட்கார்ந்திருப்பார். கடவுள் புண்ணியத்தில் அப்படி அடிக்கடி நடக்கவில்லை.

நான் அப்போது திருவனந்தபுரத்தில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அறைக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சிவந்தது.

"இது எந்தா? பஸ் ஸ்டாண்டோ, டிராமாவோ?"

மாமா எழுந்து நின்றார். மைக் இல்லாமல் அதிகாரிகளிடம் பேச அவருக்கு வராது. பக்கத்தில் மீன் சருவத்தை இறக்கி வைத்திருந்த பொழியூர்க்காரி ஒருத்தி முன்னால் வந்தாள்.

"சாறே, வண்டிதான் வரயில்ல. வராத வண்டியப் பத்தி இவ்வளவு மரியாதையா நம்மகிட்ட சொல்லுத ஆளு வேற எங்க உண்டு? அவர மாத்தினா, நாங்க இஞ்ச நின்னு சத்தம் போட்டு பெகளம் வைப்போமாக்கும்."

கூட்டம் "அதே, அதே" என்றது. அதிகாரி ஜீப்பில் போய் ஏறினார். ஜீப் கிளம்பவில்லை. டிரைவர் திருப்பினார், முறுக்கினார், இறங்கித் தள்ளினார். ஸ்டாண்டு முழுவதும் வேடிக்கை பார்த்தது. ஒலிபெருக்கி மெல்லக் கனைத்தது.

"மேலதிகாரி அவர்களின் ஜீப்பில் ஏற்பட்டுள்ள தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அதிகாரி சிரித்துவிட்டார். அந்தப் புகார் அத்தோடு போயிற்று.

மாமாவுக்கு இந்தப் பித்து பிடித்தது எங்கள் தெருவின் முதல் டி.வி.யினால். மரக்கதவு போட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டி. கல்யாணமான புதிதில் வாங்கினார். இரண்டு மாநிலம் உரசுகிற இடம் எங்கள் ஊர். ஆன்டெனாவை ஒரு பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம், மலையாளம். இன்னொரு பக்கம் திருப்பினால், காற்றும் மேகமும் மனது வைத்தால், தமிழ். மாமா தமிழ்க் கட்சி. நெய்யாற்றின்கரையிலிருந்து வாழ வந்த லில்லி மாமி மலையாளக் கட்சி. ஆன்டெனாவோ வீட்டின் பின்னால் ஒரு கமுகு மரத்தின் உச்சியில். மரம் ஏறத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். ஆகவே எப்போதும் தமிழே வென்றது.

மாலையானால் மாமா கமுகில் இருப்பார். அங்கிருந்து கத்துவார்.

"லில்லீ, தெரியுதா?"

"மூஞ்சி தெரியுது. மூக்கு தெரியயில்ல."

"இப்பமோ?"

"மூக்கு வந்து. ஆனா ரெண்டு உண்டு."

காற்று வந்தால் கமுகு ஆடும். கமுகு ஆடினால் திரையில் கதாநாயகி ஆடுவாள். சாவு வீட்டுக் காட்சியில்கூட எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அழுவார்கள். பாயில் உட்கார்ந்து பார்க்கிற நாங்களும் கூடவே சாய்வோம்.

மாமா எதையும் விடமாட்டார். சுழன்று சுழன்று வந்து நிற்கிற டி.வி. நிலையத்தின் சின்னம், அதன் சோகமான வாத்திய இசை, அங்கிருந்து தொடங்குவார். ஒரு சென்ட் வயல் இல்லாதவர், விவசாயிகளுக்கான அரைமணி நேரத்தை ஆடாமல் அசையாமல் பார்ப்பார். நெல்லுக்குச் சொன்ன மருந்தை மாமியின் செம்பருத்திக்கு அடித்து, செம்பருத்தி போய்ச் சேர்ந்தது. காது கேளாதவர்களுக்கான செய்திகளைப் பார்க்கும்போது யாராவது பேசினால், "சத்தம் போடாதே, நியூஸ் கேக்கண்டாமா?" என்று அதட்டுவார். வெள்ளிக்கிழமைப் பாட்டு, செவ்வாய்க்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமை சினிமா. ஞாயிறு காலையில் புராணத் தொடர் வந்த காலத்தில் மாமா ஆராதனையிலிருந்து வீட்டுக்கு ஓடுகிற வேகத்தைப் பார்த்து, ஆசீர்வாதத்தையே அவர் வாங்காமல் போகிறார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மாமிக்கு ஒரே ஒரு மலையாளத் தொடர்மீது ஆசை இருந்தது. ஒரு கப்பலோட்டியின் மனைவி துறைமுகத்தில் காத்திருக்கிற கதை. அது வருகிற நேரத்தில்தான் தமிழ் நாடகமும் வரும். மாமா இறங்கி வரமாட்டார். அந்த நாட்களில் வீட்டில் கஞ்சிக்கு உப்பு இருக்காது. மாமா வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், மாமி சொல்லுவாள்: "தடங்கலுக்கு வருந்துதேன்."

அந்தக் கப்பலோட்டி திரும்பி வந்தானா, கடலோடு போனானா என்று தொடர் முடிந்தும் மாமிக்குத் தெரியாமலே இருந்தது.

பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது. கமுகு வெட்டப்பட்டது. மாமா ஓய்வு பெற்றார். ஸ்டாண்டில் பதிவு செய்த ஒரு பெண்குரல் வந்தது. அது எதற்கும் வருந்தவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமா தன் பெருங்கனவைத் தொடங்கினார். தெரு முனையில் சுகுமாரன் அண்ணனின் சாயக்கடை. அங்கே தினமும் காலையில் ஒரே பேச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு நிலையத்தை முழுசாக அவர் கையில் கொடுத்தால், காலையிலிருந்து எதை எதை எந்த வரிசையில் போடுவார்?

"சின்னம் சுத்தி வரும். பின்ன விவசாயம். பின்ன பிள்ளைகளுக்கு பொம்மலாட்டம்."

"சினிமாவ மத்தியானம் போடும் ஓய்," என்பார் சுகுமாரன் அண்ணன், சாயாவை ஆற்றிக்கொண்டே.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்கால சினிமாவாக்கும் அது. மத்தியானம் போட்டா அதுக்க ருசி போச்சு."

"ஒரு நாளுதானே உம்ம நிலையம்? அது ஞாயிற்றுக்கிழமைன்னா, வெள்ளிக்கிழமை பாட்ட எங்க வைப்பீரு?"

மாமா அடிபட்டுப் போனார். அன்று சாயாவை முழுதாகக் குடிக்கவில்லை. மறுநாள் காலை கடை திறக்குமுன் வந்து நின்றார். கண் பளபளத்தது.

"எலே சுகுமாரா, ஒரு நாளுக்குள்ள ஒரு ஆழ்ச்சய, முழு வாரத்தையும் வச்சிட்டேன். வெளுப்பினே திங்கள். உச்சைக்கு புதன். வெயில் தாந்தா வெள்ளி. விளக்கு வைக்கச்சில ஞாயிறு."

அந்த வரிசையை அவர் எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. நல்ல பாட்டு ஒன்றின் நடுவில், படம் நின்றுபோனால் அந்தக் காலத்துத் திரையில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று வருகிற அட்டை வர வேண்டும். "பத்து நிமிஷமாவது ஒண்ணும் வரப்பிடாது" என்பார். ஏன் என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"மக்கா, படம் ஓடச்சில எல்லாரும் பெட்டியப் பாக்கோம். தடங்கல் வந்தாத்தான் பக்கத்தில ஆரு இருக்கான்னு திரும்பிப் பாக்கோம். உனக்க அப்பன் எனக்க வீட்டுப் பாயில இருந்து சிரிச்சது ஒக்க அந்த நேரத்திலதான்."

என் அப்பா போய்விட்டார். அந்தப் பாயில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். நான் பேச்சை மாற்றினேன்.

துபாயில் நர்ஸாக இருக்கிற அவருடைய மகள் ஷீபா, சுவரை அடைக்கிற அளவில் ஒரு டி.வி. வாங்கி அனுப்பினாள். வாயால் சொன்னால் போதும், பழைய பாட்டெல்லாம் வரும். மாமா சொன்னார். வந்தது. இன்னொன்று சொன்னார். அதுவும் வந்தது. நான் போய்ப் பார்க்கும்போது டி.வி.யை அணைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, கேடாயிட்டா?"

"இல்ல மோளே. கேட்ட உடனே வருது." குரலில் அப்படி ஒரு ஏக்கம். "வெள்ளிக்கிழமைக்காக்கும் வரணும். அதுவரைக்கும் நான் எதப் பாத்திருக்க?"

அந்தக் குரல் அப்போதே கொஞ்சம் கரகரத்தது. "சிக்னல் கொறவு" என்று அவரே கேலி செய்துகொண்டார். மாதங்கள் போகப் போகச் சிக்னல் இன்னும் குறைந்தது. மாமி வற்புறுத்தித் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்த அன்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அடுக்களையில் என் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"தொண்டயில வளர்ச்சி. ஆபரேஷன் செய்யணும். செய்தா ஆளு கிட்டும், சத்தம் கிட்டாதாம்."

அடுப்பைத் தணித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அவரு என்ன சொன்னாரு மாமி?"

"ஒண்ணும் சொல்லயில்ல. பஸ்ஸில வரச்சில ஸ்டாண்டில நின்னோம். மைக்கில அந்தப் பொண்ணுக்க சத்தம் கேட்டு. அப்பம் கண்ணு நெறஞ்சு கரஞ்சாரு." மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "மோளே, அவருக்கு அந்த ஒரு நாள ஒருக்கிக் குடுக்கணும். அதுக்குப் பெறகு வெட்டட்டு."

டாக்டர் குரலைச் சிரமப்படுத்தாமல் கொஞ்சம் பேசலாம் என்றார். ஷீபா விடுப்பெடுத்து வந்தாள். நானும் அவளும் கணினியில் உட்கார்ந்து, யார் யாரோ எந்தக் காலத்திலோ பதிந்து வைத்து இணையத்தில் போட்டிருந்த துண்டுகளைத் தேடினோம். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தபடி உத்தரவு போடுவார். "அந்தப் பொம்மலாட்டம் இல்ல, நரி வாறது." "அந்த வினாடி வினா வேண்டாம், கேள்வி கேக்குத சாறுக்கு மீச உள்ளதாக்கும் வேணும்." கிடைக்காததற்கு ஈடாகக் கிடைத்ததை வைத்தோம். கடைசியில் அவர் ஷீபாவை மட்டும் அருகில் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார். அவள் அன்று முழுவதும் அதைத் தேடினாள். என்னவென்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை, அவர் வீட்டு முற்றத்தில் சின்னப் பந்தல். வாசலில் அந்தப் பெரிய டி.வி. சுகுமாரன் அண்ணன் தன் கடைக்கு லீவு விட்டு, ஓணத்துக்குக் கட்டுகிற ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து மாமரத்தில் கட்டினார். விடிந்ததும் மாமா குளித்து, கோட்டுப் போட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கீழே லுங்கிதான். "இடுப்புக்குக் கீழ கேமராவில தெரியாது" என்றார்.

சின்னம் சுழன்றது. இசை வந்தது. பிறகு அந்தக் குரல், தேய்ந்துபோய், ஆனால் அதே கம்பீரத்தோடு.

"வணக்கம் நேயர்களே."

நேயர்கள் நாங்கள் நாலைந்து பேர். விவசாய நிகழ்ச்சி தொடங்கியபோதுதான் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுக் காரோட்டுப் பக்கத்திலிருந்து வயதான ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். திரையில் ஒருவர் தென்னைக்கு உரம் வைக்கச் சொன்னார். "அந்த ஒரமெல்லாம் இப்பம் எங்க உண்டு?" என்று ஒருவர் திரையைப் பார்த்துக் கேட்டார். மத்தியானம் பந்தல் நிறைந்துவிட்டது. மாமி பெரிய பாத்திரத்தில் கப்பைக் கிழங்கு அவித்து வைத்திருந்தாள். பிள்ளைகள் நரி வருகிற பொம்மலாட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்பம் வேகமா ஓடும்?" என்று கேட்டார்கள். ஓடாது என்றதும் ஆச்சரியத்தோடு உட்கார்ந்தார்கள்.

வெயில் தாழ்ந்து பாட்டுகள் முடிந்தபோது மாமா எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதுவரை தமிழில்தான் தொடங்கினார். இப்போது மலையாளத்தில் தொடங்கினார்.

"அடுத்ததாயி, லில்லிக்கு வேண்டி. ஆ பரம்பரயுடெ அவசான பாகம்."

லில்லிக்காக, அந்தத் தொடரின் கடைசிப் பகுதி; ஷீபா அன்று முழுவதும் தேடியது இதைத்தான். துறைமுகம் தெரிந்தது. அந்தப் பெண் கடலைப் பார்த்து நின்றாள். கரண்டியோடு வந்த மாமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கப்பலோட்டி திரும்பி வந்தான். தலை நரைத்திருந்தது. மாமி சத்தமாக, "வந்தானே!" என்றாள். பிறகு மாமாவைப் பார்த்துத் திட்டினாள். "கமுகில இருந்து அன்னைக்கே எறங்கியிருந்தா, இத்தன காலம் நான் அந்தப் பெண்ண நெனச்சு கரஞ்சிருக்க வேண்டாமில்லியா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைச் சினிமாவுக்கு நேரம் வந்தது. விளக்கு வைக்கிற வேளை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பாட்டின் நடுவில், கரண்டு போய்விட்டது. நாங்கள் வைத்த தடங்கல் அல்ல, நிஜத் தடங்கல். ஒலிபெருக்கிக்கு பாட்டரி இருந்ததால் மைக் மட்டும் உயிரோடு இருந்தது. மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளையின் முகம். மைக்கை அருகில் இழுத்தார்.

"தடங்கலுக்கு..."

அதற்குமேல் வரவில்லை. மறுபடியும் முயன்றார். காற்றுதான் வந்தது. கழுத்தில் நரம்பு புடைத்தது. சுகுமாரன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லில்லி மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், மைக்கை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"...வருந்துகிறோம்," என்றாள்.

பந்தலில் ஒரு மூச்சு விடுகிற சத்தம். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரோ யாரையோ எப்போது வந்தாய் என்று கேட்டார்கள். சாயா வந்தது. என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "நீ தங்கையனுக்க மோளா? அப்பனுக்க அதே சிரிப்பாக்கும்" என்றார். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேனாம்.

கரண்டு வந்ததும் மீதி அறிவிப்பு முழுவதையும் மாமிதான் செய்தாள். மலையாளம் தோய்ந்த தமிழில், "நேயர்களே" என்பதை ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சொன்னாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கையால் திருத்தினார், நெற்றியில் அடித்துக்கொண்டார், தாளம் போட்டார். மாமி கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில், "நிலையம் மூடியாச்சு, எல்லாரும் பாத்துப் போங்க, வழியில வெளிச்சம் இல்ல" என்று முடித்தாள். அது மாமாவின் திட்டத்தில் இல்லாத வாசகம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்னதுபோல ஆள் கிடைத்தார், சத்தம் கிடைக்கவில்லை. மாமா இப்போது கையால் பேசுகிறார். அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பது மாமி. அந்த மொழிபெயர்ப்பில் எனக்குச் சந்தேகம் உண்டு. போன வாரம் போயிருந்தேன். மாமா இரண்டு கையையும் விரித்து நெடுநேரம் எதையோ விளக்கினார்.

"லில்லி வச்ச மீன்கறிக்கு இந்த ஜில்லாவில ஈடு இல்லன்னு சொல்லுதாரு," என்றாள் மாமி.

மாமா பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"எனக்கு ஒரு புதுச் சேல எடுக்கணும்னும் சொல்லுதாரு."

இன்னும் பலமாக மறுத்தார். நான் சிரித்துக்கொண்டே கிளம்ப எழுந்தேன். மாமா என்னைப் பார்த்து விரலால் தரையைக் காட்டி ஏதோ சைகை செய்தார்.

"இரி மக்கா, ஒரு வா சோறு தின்னிட்டுப் போலாம்னு சொல்லுதாரு," என்றாள் மாமி.

அதற்கு மட்டும் அவர் மறுக்கவில்லை.